கொடி கைக்கு வரும்வரை

பைய, பைய. இங்கன குடுங்க அண்ணாச்சி, நானே மடியில வச்சுக்கிடுதேன். கனமா இருக்குல்லா? தூக்குற எல்லாரும் அதான் சொல்லுதாங்க. கிட்டாருதான், வேற ஒண்ணும் இல்ல. உள்ள ஈயம் இருக்கு. அதைப் பொறவு சொல்லுதேன்.

உவரிக்கா போறிய? நல்லதாப் போச்சு. நான் அதுக்கு முந்தியே இறங்கிருவேன். அதுவரைக்கும் பஸ்ஸுல பேசிட்டுப் போவோம். எனக்கு வாய வச்சிட்டு சும்மா இருக்க முடியாது, ஆனா கோவம் மட்டும் வராது. அதை முதல்லயே சொல்லிருதேன், ஏன்னா எங்க ஊருல கேட்டா வேற மாதிரி சொல்லுவாங்க. தொபியாஸா, அவன் கை நீட்டுறவன்லான்னு என்னையச் சொல்லுவாங்க. காரணம் இல்லாம நான் யாரையும் தொட்டது கிடையாது. காரணத்தைக் கேக்க ஒருத்தனுக்கும் நேரம் இல்ல, கைய மட்டும் பாத்துட்டுப் போயிருதாங்க. நீங்க கேக்குதிய. பாத்தாலே தெரியுது, பொறுமையான ஆளு.

எங்க குழு பேரு கடலலை இன்னிசைக் குழு. கேள்விப்பட்டிருப்பிய. கல்யாண வீடு, கோயில் திருவிழா, எல்லாத்துக்கும் போவோம். நடத்துறது என் மச்சான், ரெக்ஸன், என் பொஞ்சாதிக்கு அண்ணன். கீபோர்டு அவன்தான் வாசிப்பான். நான் லீட் கிட்டாரு. அவன் ரொம்ப நல்லவன்னு ஊருல பேரு. நல்லவன்தான், நான் இல்லன்னு சொல்லல. அவன் நல்ல மனசுதான் என்னைய இந்த நிலைமைக்குக் கொண்டு வந்துச்சு.

கிட்டாருல ஒரு சங்கதி இருக்கு. தந்தியத் தட்டுனா நோட் பொறக்கும். பொறந்த உடனே சாக ஆரம்பிச்சிரும். எவ்வளவு நேரம் சாகாம நிக்குதோ அதுக்கு சஸ்டெயின்னு பேரு. நாங்க நிப்புன்னு சொல்லுவோம். இவன் நோட்டுக்கு நல்ல நிப்பு இருக்குன்னா அவன் வாசிக்கத் தெரிஞ்சவன்னு அர்த்தம். கீபோர்டுக்கு இந்தப் பாடு கிடையாது. கட்டையில விரலை வச்சா எடுக்குற வரைக்கும் கத்திக்கிட்டே இருக்கும். அது கரண்ட்டு வேலை.

எங்க ஊரு மாதா கோயில்ல ஒரு வழக்கம் உண்டு, வேற எந்த ஊருலயும் கிடையாது. திருவிழா கடைசி நாள் சாயங்காலம் கொடியிறக்கம். மத்த ஊருல வேட்டுப் போடுவாங்க, பேண்டு அடிப்பாங்க. எங்க ஊருல சத்தமே கூடாது. சாமியார் கொடிக்கயித்த அவுக்கயில கிட்டாருல ஒத்த நோட். ஒரே ஒரு தட்டு. கொடி அவரு கைக்கு வார வரைக்கும் அந்த நோட் நிக்கணும். ரெண்டாம் தட்டு கிடையாது. முன்னால வயலின்ல இழுத்தாங்களாம். வயலின்ல என்ன, வில்லு போற வரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்கலாம். தட்டுன கைய எடுத்துட்டு, அதை நிக்க வைக்கதுதான் வேலை. நோட் முந்தி செத்து, கொடி பாதியில நின்னா அந்த வருசம் கடல் காயும், மீன் படாதுன்னு பெரியாளுக சொல்லுவாங்க. நான் அதெல்லாம் நம்புறவன் இல்ல. ஆனா ஊரே அப்பம் நம்ம மூஞ்சியத்தான் பாக்கும். பாலு குடிக்குற பிள்ளை கூட வாய மூடிக்கிட்டு இருக்கும்.

போன திருவிழாவுக்கு முந்துன திருவிழாவுல என் நோட் பாதியிலயே போயிருச்சு. கொடி மேல தொங்குது, சாமியார் கயித்த இறக்கிக்கிட்டு இருக்காரு, தந்தி சும்மா இருக்கு. என் காதுக்குத்தான் அது தெரியும். ஏன்னா சத்தம் நிக்கல. பொறத்தால இருந்து அதே நோட் வருது. ரெக்ஸன் கீபோர்டுல விரலை வச்சிட்டான். ஊருல ஒருத்தனுக்கும் தெரியல. எல்லாரும் வந்து கையப் புடிச்சுக் குலுக்குதாங்க. எனக்கு வேர்த்துக் கொட்டுது. அவமானம் ஊருக்குத் தெரிஞ்சா கூடத் தாங்கிருவேன் அண்ணாச்சி. அவன் ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சிருக்கு பாத்தியளா, அதைத்தான் தாங்க முடியல.

வீட்டுக்கு வந்தேன். ஜெசிந்தா சோறு வைக்கா. என் பொஞ்சாதி. அண்ணன்காரன் சொல்லிட்டான் போல, அவளுக்கும் தெரிஞ்சிருக்கு. விடுங்க, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்னு சொல்லுதா. ஆறுதல் சொல்லுதாளாம். தட்டைத் தள்ளி விட்டேன், அது அவ வாயில பட்டுச்சு. ரெண்டு பல்லு போச்சு. ஏற்கெனவே ஆடிக்கிட்டு இருந்த பல்லாத்தான் இருக்கும், அவ அப்பன் வீட்டுல எல்லாருக்கும் பல்லு மோசம். ரெக்ஸன் வந்து பாத்தான். அவ கிணத்தடியில வழுக்கி விழுந்துட்டேன்னா. எனக்கே அது பிடிக்கல. எதுக்குப் பொய் சொல்லணும்.

அன்னைக்கு முடிவு பண்ணுனேன். அடுத்த கொடியிறக்கத்துக்கு என் நோட் நிக்கணும். என் கையால, யாரு விரலும் படாம.

தடிமனான தந்தி மாத்துனேன். விரலு கிழிஞ்சி ரத்தம் வந்துச்சு, நோட் கொஞ்சம் நீண்டுச்சு. கழுத்தும் உடம்பும் சேருற இடத்துல நாலு போல்ட் இருக்கும், அதை மரம் கீச்சுன்னு கத்துற வரைக்கும் முறுக்குனேன். கொஞ்சம் கூட நீண்டுச்சு. தந்தி உக்காருற பிளாஸ்டிக் துண்டைப் புடுங்கிட்டு எருமை எலும்புல ஒண்ணு செதுக்கி வைக்கணும்னு தூத்துக்குடியில ஒருத்தன்கிட்ட போனேன். வச்சுக் குடுத்தான். நல்லாத்தான் வச்சிருந்தான். வச்சிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். கிட்டாருல குறை இல்ல தம்பி, தந்திய அழுத்துற ஒங்க விரலு பதறுது, பதறுனா நோட் செத்துரும்னு சொன்னான். எனக்கா விரலு பதறுது? அவன் பொடனியப் பிடிச்சு மேசையில வச்சு அழுத்துனேன். அழுத்திக்கிட்டே கேட்டேன், இப்பம் பதறுதா பாரு, பதறுதா பாருன்னு. இல்லண்ணே இல்லண்ணேன்னான். பாத்தியளா, அவனே ஒத்துக்கிட்டான்.

ரெக்ஸன் ஒரு பெடல் வாங்கிட்டு வந்தான். காலால மிதிக்குற பெட்டி. அதை மாட்டுனா சாகப் போற நோட்டை இழுத்துப் பிடிச்சு வச்சிருமாம். மாப்ள, எல்லாரும் இதைத்தான் போடுதாங்க, இதுல ஒரு தப்பும் இல்லன்னான். சிரிச்ச முகமா சொன்னான். அம்மிக்கல்லு பக்கத்துல கிடந்துச்சு. பெட்டியத் தரையில வச்சேன், கொழவிய எடுத்து அவன் கண்ணு முன்னாலயே நொறுக்குனேன். எனக்கு நொண்டிக்குக் கொடுக்குற கட்டை வேண்டாம் மச்சான்னேன். அவன் குனிஞ்சு துண்டுகளைப் பொறுக்குனான். பிள்ளைக காலுல குத்திரும்லா மாப்ளன்னான். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளச் சொல்லுதான். அப்பிடிப்பட்ட நல்லவன்.

இந்த ஜன்னலை மூடிக்கிடட்டா? காத்து அடிக்கி. சரி.

நோட் நிக்குதா இல்லயான்னு வீட்டுல எப்பிடிப் பாக்குறது? கொடி மாதிரி ஒண்ணு இறங்கணும்லா. எங்க வீட்டு முத்தத்துல கிணறு இருக்கு, உருளையோட. ஜெசிந்தாவ வாளியக் கயித்துல பைய இறக்கச் சொன்னேன், சாமியார் கொடிய இறக்குத வேகத்துல. நான் திண்டுல உக்காந்து தட்டுவேன். வாளி தண்ணியத் தொடுற வரைக்கும் நோட் நிக்கணும். தினம் காலையில இதுதான். ஃபேன் ஓடக்கூடாது, ரேடியோ பாடக்கூடாது. அடுத்த வீட்டுச் சேவல் ஒண்ணு அந்த நேரம் பாத்துத்தான் கூவும். ஒரு நாள் அதைப் பிடிச்சுக் கழுத்தத் திருகி மதிலுக்கு அந்தப் பக்கம் போட்டேன். அவங்க ஒண்ணும் கேக்கல. கறி ஆக்கியிருப்பாங்க.

நோட் சாகும். வாளி நடுக் கிணத்துல தொங்கும். அவ என்னையப் பாப்பா. பாக்காதட்டின்னு சொல்லுவேன், பாப்பா. நோட் செத்த அன்னைக்கெல்லாம் அடி விழும், அது உண்மைதான். ஆனா நோட்டுக்குத்தான் கோவம், அவ மேல இல்ல. அவ அங்கன நிக்கா, அவ்வளவுதான்.

பொறவு நோட் நிக்க ஆரம்பிச்சுது. வாளி தண்ணியத் தொடுது, நோட் இருக்கு. மறுநாளும் இருக்கு. எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? அவளுக்கு மல்லிப்பூ வாங்கிட்டு வந்தேன். அவ தலையில வச்சேன். அண்ணாச்சி, அந்தப் பூவை வைக்கயிலதான் பாத்தேன், அவ உள்ளங்கை ரெண்டும் கயிறு அறுத்துச் செவசெவன்னு இருக்கு. பைய இறக்குனா கை ஏன் அறுக்கணும்? வெரசா விட்டிருக்கா. நான் கண்ண மூடித் தட்டுற நேரம் பாத்துக் கயித்த நழுவ விட்டிருக்கா, என்னைய ஏமாத்துறதுக்கு. கட்டுன பொஞ்சாதி.

அவ கைய வாளிக் கயித்தோட சேத்துக் கெட்டுனேன். இனி வெரசா விட்டா நீயும் கூடவே இறங்குவன்னு சொன்னேன். சும்மா சொன்னதுதான். அவளுக்கு விளையாட்டு புரியாது. ஒரு பகல் முழுக்க அழுதா.

மரம் கனமா இருந்தா நிப்பு கூடும்னு எங்க ஆளுக சொல்லுவாங்க. உடம்பு ஆடாம இருந்தா தந்தி ஆடும், அதான் கணக்கு. கனத்துக்கு எங்க ஊருல என்ன பஞ்சம்? வலையில கெட்டுற ஈயக்குண்டு வீட்டுக்கு வீடு கிடக்கு. கிட்டாரைக் கவுத்துப் போட்டுப் பின்பக்கம் துளை போட்டேன். ஈயத்தைப் பழைய சட்டியில காச்சி ஊத்துனேன். மரம் பொசுங்கிப் புகை வருது. ஜெசிந்தாவ இடுக்கியால சட்டியப் பிடிக்கச் சொன்னேன். அவ கை நடுக்கத்துல ஒரு சொட்டு அவ காலுல விழுந்துருச்சு. அவ கத்துன கத்துல மிச்ச ஈயமும் தரையில கொட்டிப் போச்சு. நல்ல ஈயம். திரும்பவும் பொறுக்கிக் காச்ச வேண்டியதாப் போச்சு. காலு ஆற ரொம்ப நாள் ஆச்சு அவளுக்கு, நொண்டிக்கிட்டுத்தான் திரிஞ்சா. ஆனா சொல்லுதேன் அண்ணாச்சி, அதுக்குப் பொறவுதான் கிட்டாருக்கே உயிரு வந்துச்சு. தோளுல மாட்டுனா வாரு சதையில பதியும். தட்டுனா நெஞ்செலும்புல வந்து மோதும் சத்தம்.

வாளிய இப்பம் அவ பையத்தான் இறக்குனா. நான் கண்ண மூடல. சில நாள் நின்னுச்சு. சில நாள் நிக்கல.

திருவிழா வந்துச்சு. கொடியிறக்கம். சனம் கடற்கரை வரைக்கும் நிக்கி. வெயில் சாஞ்சிட்டு. ஜெசிந்தா பொம்பளைக வரிசையில முன்னால நிக்கா, முக்காடு போட்டுக்கிட்டு, கையில செபமாலை. என்னையப் பாக்கல, அவ அண்ணனைப் பாக்கா. அதை அப்பமே கவனிச்சிருக்கணும். சாமியார் கயித்த அவுத்தாரு. நான் தட்டுனேன்.

நின்னுச்சு அண்ணாச்சி. கொடி பாதிக்கு வருது, நோட் நிக்கி. பாதி தாண்டிட்டு, நிக்கி. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. என் அப்பன் செத்தப்ப அழல நான். சாமியார் கைக்குக் கொடி வந்து, மடிச்சு நெஞ்சோட வைக்காரு, அப்பவும் லேசா இருக்கு. ஊரு கை தட்டுது. அவ்வளவு சந்தோசத்துல நான் முதல்ல யாரைத் தேடுனேன் தெரியுமா? என் மச்சானைத்தான். அவனைக் கெட்டிப் பிடிக்கத்தான் திரும்புனேன்.

அவன் விரலு கட்டையில இருக்கு.

ஒத்த விரலு. சத்தத்த ரொம்பக் குறைச்சு வச்சிருக்கான், மயிரிழைதான் திறந்திருக்கு. என் நோட்டுக்கு அடியில, ஒட்டிக்கிட்டு, ஆரம்பத்துல இருந்தே. எடுக்க மறந்துட்டான். அவனும் கொடியத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கான், அவன் கண்ணுலயும் தண்ணி.

இப்பம் சொல்லுங்க, நின்னது யாரு நோட்? என்னுதா, அவனுதா? எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. என் நோட் ஒருவேளை நின்னிருக்கலாம். கடைசி வரைக்கும் நின்னிருக்கலாம். அவன் விரலை வைக்காம இருந்தா தெரிஞ்சிருக்கும். ஒரு வருசம் உயிரக் குடுத்தவனுக்கு அந்தப் பதிலைக் கூட இல்லாம ஆக்கிட்டான்.

கேட்டேன். மெதுவாத்தான் கேட்டேன். என்ன மச்சான் இதுன்னு. அவன் விரலை எடுத்தான்.  மாப்ள, கோவப்படாதிய, தங்கச்சிக்காகத்தான் வச்சேன்னான். நோட் செத்தா வீட்டுல அவ உயிரோட இருக்க முடியுமா மாப்ளன்னான்.

அதுதான் எனக்குப் புரியல. கொடியிறக்கத்துல இவ எங்க வந்தா? இது கிட்டாரு சங்கதி. நான் என்னத்தையோ கேக்கேன், அவன் என்னத்தையோ சொல்லுதான். சம்பந்தமே இல்லாம பேசுனா யாருக்குத்தான் கோவம் வராது?

வாரைத் தோளுல இருந்து எடுத்தேன். ரெண்டு கையால கிட்டாரைக் கழுத்துப் பக்கம் பிடிச்சு வீசுனேன். தோளுக்குத்தான் குறி. அவன் குனிஞ்சிட்டான். ஈயம் உள்ள இருக்கதுனால வீசுனா நடுவுல நிறுத்த முடியாது, அது போற போக்குல போயிரும். மண்டையோட பக்கவாட்டுல பட்டுச்சு. தேங்காய் உடைச்ச சத்தம். ரெண்டாவதும் வீசுனேன்னு சொல்லுதாங்க, எனக்கு ஞாபகம் இல்ல. அவன் கீபோர்டு மேலயே விழுந்தான். தலை கட்டைக மேல கிடக்கு, ரத்தம் கறுப்புக் கட்டைக்கும் வெள்ளைக் கட்டைக்கும் நடுவுல ஓடுது, அந்தச் சனியன் எல்லா நோட்டையும் ஒண்ணா சேத்து அலறுது. சவுண்டுக்காரன் ஓடி வந்து வயரப் புடுங்குற வரைக்கும் நிக்கவே இல்ல. அதுதான் கீபோர்டு. வாசிக்கவன் விழுந்தாலும் நோட் நிக்கும். அதுல என்ன பெருமை இருக்கு?

ஜெசிந்தா மேடைக்கு ஓடி வந்தா. காலு நொண்டிக்கிட்டே ஓடி வந்தா. அண்ணன் தலையத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. ஊருக்காரனுக என்னையக் கொடிமரத்துல கெட்டிப் போட்டு அடிச்சானுக. இந்தா, இந்த விலாவுல இப்பவும் வலி இருக்கு. அவ என் பக்கம் திரும்பல. செபமாலை மேடையிலயே கிடந்துச்சு.

பொறவு என்ன, கேசு, ஜெயிலு, ஜாமீனு. கிட்டாரைப் போலீசு எடுத்துட்டுப் போயிருச்சு. சாட்சிக்கு வைக்குத தொண்டிப்பொருளாம், கோர்ட்டுல இருக்கு. எவ்வளவு வேலை செஞ்ச கிட்டாரு. இது வேற. வெளிய வந்ததும் பழசா ஒண்ணு வாங்கி, முதல்ல இருந்து எல்லாத்தையும் செஞ்சேன். தந்தி, எலும்பு, போல்ட், எல்லாம். ஈயம் இதுல கூட. அதான் ஒங்களுக்குக் கை வலிச்சுது.

நோட் நிக்குதான்னு கேக்கியளா? அதான் தெரியலயே. தட்டுனா நிக்குத மாதிரிதான் இருக்கு. ஆனா வாளிய இறக்க ஆளு வேணும்லா. வீட்டுல நான் ஒருத்தன்தான். ஜெசிந்தா அண்ணன் வீட்டுலயே இருந்துட்டா. ஆளு அனுப்புனேன், வரல. போன் போட்டேன், எடுக்கல. நானா கோவப்பட்டேன்? சரி, அண்ணனுக்குத் துணையா இருக்கட்டும்னு விட்டுட்டேன். காயம் ஆறட்டும்னு இவ்வளவு நாள் காத்துக் கிடந்தேன்லா. வேற யாரு இவ்வளவு பொறுமையா இருப்பா?

அங்கனதான் இப்பம் போறேன், மச்சான் வீட்டுக்கு. அவன் இருக்குத ஊரு எல்லைக்குள்ள நான் போகக் கூடாதுன்னு ஜாமீன்ல எழுதியிருக்கு. அது சண்டைக்குப் போறவனுக்கு. நான் வாசிச்சுக் காட்டத்தான போறேன். பைக்குள்ள பேட்டரியில ஓடுற சின்ன ஆம்பு இருக்கு, கிட்டாரு சத்தத்தக் கூட்ட. அவனை ஒரு நாற்காலியில உக்கார வைக்கணும், ரெண்டு கையையும் மடியில வச்சுக்கிட்டு, நான் பாக்குத மாதிரி. ஒரு விரலும் எங்கயும் படக்கூடாது. தட்டுவேன். நின்னுச்சுன்னா நின்னுச்சு மாப்ளன்னு அவன் வாயால சொல்லணும். அவ்வளவுதான் எனக்கு வேண்டியது, அந்த ஒரு சொல்லு. நிக்கலன்னா நிக்கலன்னு சொல்லட்டும். தங்கச்சிக்காகப் பொய் சொல்லக்கூடாது. பொய்யி எனக்கு உடனே தெரிஞ்சிரும்.

யாருக்கு அண்ணாச்சி போன் போடுதிய? வீட்டுக்கா? இறங்கிப் போடலாம், இங்கன சிக்னல் கிடைக்காது. குடுங்க, நான் வச்சிருக்கேன். ஒங்களுக்கு ஏன் இப்பிடி வேர்க்குது, ஜன்னலைத் திறந்து விடட்டா?

என்ன கேட்டிய? ஆமா, அந்த அடியில மச்சானுக்கு ஒரு காது போயிட்டுன்னுதான் ஆஸ்பத்திரியில சொன்னாங்களாம். இனிமே அவனால குழு நடத்த முடியாதுன்னு ஊருல ஒரே பேச்சு. நானும் விசாரிச்சேன், எனக்கும் அக்கறை இருக்குல்லா. இன்னொரு காது நல்லா கேக்குதாம். ஒத்த நோட்டைக் கேக்க ஒத்தக் காது போதும்லா அண்ணாச்சி.